கடைசிக் குமிழியின் விலை 4 வெள்ளி 90 காசு

கோலாலம்பூர் எல்ஆர்டி ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் கைப்பேசியை எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லைதான். ஆனாலும் கீழிருந்து நிறக் குமிழிகளைச் சுட்டு, மேலே தொங்குபவற்றை வெடிக்கும் விளையாட்டு ஓடினால் என் கண் தானாக அங்கே போய்விடும். போன வாரம் கேஎல் சென்ட்ரலில் ஏறிய ஓர் அக்கா, வாங்சா மாஜு வருவதற்குள், ஆறு வருடத்துக்கு முன் நான் செய்த தவறுகளை ஒன்றுவிடாமல் செய்து முடித்தார். முன்பின் தெரியாதவரிடம் "அங்கே சுடாதீங்கக்கா" என்று எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

ஒரே நிறத்தில் மூன்று சேர்ந்தால் வெடிக்கும், அவசரப்படக் கூடாது என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் தானே புரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அடியில் சுரண்டுவது

புதியவர்கள் எல்லாருக்கும் உள்ள பழக்கம் இது. கைக்கு எட்டுவதை வெடிப்பார்கள். அடி வரிசையில் மூன்று நீலம், அப்புறம் மூன்று சிவப்பு என்று சுரண்டிக்கொண்டே இருப்பார்கள். வாழைத்தாரை இறக்க ஒவ்வொரு பழமாகவா பிய்ப்போம்? காம்பில்தானே வெட்டுவோம். இந்த விளையாட்டிலும் கூரையோடு தொடர்பு அறுந்த குமிழிகள், எந்த நிறமானாலும், கொத்தாக விழுந்துவிடும். அந்த அக்காவின் திரையில் மேலே இரண்டே இரண்டு பச்சை. அதில் இருபது குமிழிகள் தொங்கிக்கொண்டிருந்தன. கையில் பச்சை இருந்தது, பக்கவாட்டில் வழியும் இருந்தது. அவர் அதை எங்கோ ஓரத்தில் ஒட்டிவிட்டு அடியில் இருந்த ஊதாவைக் குறிவைத்தார். எனக்குப் பல் கூசியது.

சுவரை மறப்பது

குமிழியைத் திரையின் பக்கச் சுவரில் மோதவிட்டும் சுடலாம். கேரம் ஆடியவருக்கு இது புதிதல்ல. கட்டையில் எந்தக் கோணத்தில் போய் இடிக்கிறதோ அதே கோணத்தில் திரும்பும். இலக்கு சுவருக்கு அந்தப் பக்கம், கண்ணாடியில் தெரிவதுபோல் அதே தூரத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, அந்த நிழலைக் குறிவையுங்கள். ஒரு சின்னத் திருத்தம் உண்டு. குமிழிக்கு உடம்பு இருப்பதால் அதன் நடு சுவரைத் தொடுவதில்லை, அரைக் குமிழி தூரத்திலேயே திரும்பிவிடும். ஆகவே சுவர் அரைக் குமிழி உள்ளே தள்ளி இருப்பதாகக் கணக்குப் போட வேண்டும். நான் இதைக் கண்டுபிடிக்க ஒரு வருடம் ஆனது.

அடுத்த குமிழியைப் பார்க்காமல் சுடுவது

அடுத்து வரப்போவது பக்கத்திலேயே தெரியும். தட்டினால் அதுவும் கையில் இருப்பதும் இடம் மாறும். காசு கேட்காது.

"இன்னும் 5 குமிழி வேண்டுமா?"

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்.

நான் ஆடிய விளையாட்டில் ஒரு கட்டத்துக்கு முப்பது குமிழி என்று கணக்கு. முப்பதும் தீர்ந்துவிடும், மூலையில் ஒற்றை மஞ்சள் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். உடனே திரை இருட்டாகும், ஒரு பொம்மை அழும், பெரிய பச்சைப் பொத்தான் வரும். மூடுவதற்கான பெருக்கல் குறி மூலையில் கடுகளவு. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, ஒரே ஒரு குமிழிதானே என்று பச்சையைத் தட்டுவேன். தட்டுவதற்கு நாணயம் வேண்டும், நாணயப் பொட்டலம் 4 வெள்ளி (ரிங்கிட்) 90 காசு. பொட்டலத்தில் இருப்பது பத்து, ஐந்து குமிழிக்கு வேண்டியது பன்னிரண்டு. ஆக, இரண்டு பொட்டலம்.

சரி, வாங்கியாயிற்று. ஜெயித்தேனா? கணக்கைப் பாருங்கள். திரையில் நான்கு நிறம் மிச்சம், நான்கும் சம வாய்ப்பில் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒற்றை மஞ்சளை வெடிக்க இன்னும் இரண்டு மஞ்சள் வேண்டும். ஐந்து குமிழியில் இரண்டு மஞ்சள் வராமல் போகும் வாய்ப்பு நூற்றுக்கு 63. யாரும் ஏமாற்றாமல், நேர்மையாகக் குலுக்கிப் போட்டாலே இந்த நிலைமை. பணம் கொடுத்து நான் வாங்கியது பெரும்பாலும் தோல்வியைத்தான்.

ஒரு மாதக் கடைசியில் மனைவி பில்லை நீட்டினாள். "என்னங்க, போன் பில் ஏன் 83 வெள்ளி கூட வந்திருக்கு?" பதினேழு பொட்டலம், மொத்தம் 83 வெள்ளி 30 காசு. பதினேழு முறை வாங்கியதாக எனக்கு நினைவே இல்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. கூகுள் பிளேயில் வாங்கும்போது கடவுச்சொல் கேட்பதை 30 நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைத்திருந்தேன். என் ரயில் பயணமே அந்த அரைமணிக்குள் முடிந்துவிடும். மஸ்ஜித் ஜமேக்கில் ஒருமுறை கடவுச்சொல் போட்டால், அப்புறம் வீடு வரைக்கும் விரல் மட்டும் போதும். ஒருநாள் அந்த மும்முரத்தில் வாங்சா மாஜுவைத் தாண்டி தாமான் மெலாத்தியில் போய் இறங்கியதும் உண்டு. வாங்கி 48 மணி நேரத்துக்குள் என்றால் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி கூகுளிடம் கேட்கலாம். நான் பில்லைப் பார்த்தது மாதக் கடைசியில்.

இந்த வகை விளையாட்டுக்கு வழிகாட்டி, 1994-இல் டைட்டோ நிறுவனம் காசு போட்டு ஆடும் ஆர்கேட் பெட்டியில் விட்ட பசுல் பாபுள். திரையின் அடியில் இரண்டு குட்டி டைனோசர்கள் நின்று குமிழியை ஏற்றிவிடும். அதுவும் காசு தின்ற பெட்டிதான். ஆனால் பையில் கையை விட்டால் எவ்வளவு மிச்சம் என்று தெரியும். காசு தீர்ந்தால் வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான்.

கூகுள் பிளேயின் அமைப்பில் (செட்டிங்ஸ்) போய் "எல்லா வாங்கலுக்கும் கடவுச்சொல்" என்று இன்றைக்கே மாற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் அதைத் தட்டச்சு செய்வது பெரிய தொல்லை. எனக்கு அந்தத் தொல்லைதான் உதவியது. தோற்றால் தோற்றுவிட்டுப் போங்கள். பெரும்பாலும் போன உயிர், அதாவது மறுபடி ஆடும் வாய்ப்பு, அரைமணியில் தானே திரும்பி வரும். அதைவிட, மஞ்சளை ஒற்றையாக விட்டுவைக்காதீர்கள். நான்கைந்து இருக்கும்போதே ஒரு நிறத்தை அடியோடு தீர்த்துவிட்டால், பல விளையாட்டுகளில் அந்த நிறம் கைக்கு வருவதே நின்றுவிடும். நான்கு நிறம் மூன்றாகும்.

மஞ்சள் ஒளியில் ஆடுவது

அம்மாவுக்கு நான்தான் இந்த விளையாட்டைப் பழக்கினேன். ஒற்றைக் கையால் ஆடலாம், படிக்க எழுத்து அதிகமில்லை, ஒரு கட்டம் இரண்டு மூன்று நிமிடம்தான். வயதானவர்களுக்கு இவ்வளவு தோதாக அமைவது கம்மி. இரண்டு நாளில் அம்மா அலுத்துக்கொண்டார்: "டேய், நீலத்த நீலத்தோட சேத்தாலும் வெடிக்க மாட்டேங்குதுடா." வாங்கிப் பார்த்தால், அதில் ஒன்று ஊதா. கண்ணுக்கு இதம் என்று யாரோ போனில் திரையை மஞ்சளாக்கும் இரவு ஒளியை ஏற்றிவைத்திருந்தார்கள். இரண்டு நிறமும் ஒன்றுபோல் மங்கிக் கிடந்தன. அதை நிறுத்தியதும் சரியாகிவிட்டது. நிறம் பிரித்தறிவதில் சிரமம் உள்ளவர்கள், குமிழிமேல் வடிவக் குறி போட்டுத் தரும் விளையாட்டாகப் பார்த்து எடுங்கள். அந்த வசதி எல்லாவற்றிலும் இல்லை, அது பெரிய குறைதான்.

சத்தம்

ரயிலில் நிறுத்திவிட்டு ஆடுங்கள். வெடிப்பது எங்களுக்கும் கேட்கிறது.