உப்புக்காற்றில் கிதார் ஃப்ரெட்டுகளைப் பேணும் முறை

முட்டத்திலோ குளச்சலிலோ கடலை ஒட்டிய வீட்டுச் சுவரில் தொங்கும் கிதாரைச் சாரல் மாதங்களில் தொடாமல் விட்டுவிட்டு எடுத்தால், கம்பிகளில் துருவும், அவற்றுக்கு அடியில், கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளின் ஓரத்தில் பழைய குத்துவிளக்கின் மடிப்பில் காண்பது போன்ற பச்சைக் களிம்பும் படிந்திருக்கும். ஃப்ரெட்டுகள் பெரும்பாலும் நிக்கல் சில்வரால் ஆனவை. பெயரில்தான் வெள்ளி; உண்மையில் அது செம்பும் துத்தநாகமும் நிக்கலும் சேர்ந்த கலவை. செம்பு இருப்பதால்தான் களிம்பும் பிடிக்கிறது.

வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியால் கம்பிகளையும் ஃப்ரெட்டுகளையும் வியர்வை போகத் துடைப்பதே பராமரிப்பில் பாதி. மீதியைக் கம்பி மாற்றும்போது செய்யலாம். ஃப்ரெட்டுகளுக்கு இடையே தெரியும் மரத்தை மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு, 2000 எண் வாட்டர் பேப்பரை விரலில் சுற்றி, ஒவ்வொரு ஃப்ரெட்டையும் அதன் நீளவாக்கில் மெதுவாகத் தேய்த்து, பின்னர் துணியில் ஒரு சொட்டு மெட்டல் பாலிஷ் தொட்டு மினுக்க வேண்டும். ஸ்டீல் வுல்லும் பயன்படும். ஆனால் அதன் தூள் எலக்ட்ரிக் கிதாரில் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பின் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும், நம் காற்றில் விரைவில் துருவும் பிடிக்கும். மரத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கத்தைக் கைவிடுங்கள். அது நாளடைவில் காறிப்போய் அழுக்கைத் திரட்டும். வார்னிஷ் பூசாத ரோஸ்வுட் பலகைக்கு லெமன் ஆயில் சில சொட்டுகள் போதும்.

கம்பி இரைந்தால் உடனே அரத்தைத் தேட வேண்டாம். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கையில், பாடற்குழுவின் கிதாரில் மூன்றாம் ஃப்ரெட்டை நான் அவசரமாக அராவினேன். குற்றம் ஃப்ரெட்டில் இல்லை, ஈரம் குடித்த கழுத்து பின்னோக்கி வளைந்திருந்தது. ஆகவே முதலில் தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒருசேர அழுத்தி, ஏழாம் ஃப்ரெட்டுக்கு மேலே உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இடைவெளியே இல்லையென்றால், கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராட் என்ற உலோகத் தண்டு உள்ள கிதாரில் அந்தத் தண்டை இடஞ்சுழியாகக் கால் சுற்று தளர்த்திவிட்டு ஒரு நாள் காத்திருக்க வேண்டும்.

கழுத்து சரியாக இருந்தும் இரைச்சல் நீடித்தால், காலாவதியான ஏ.டி.எம். அட்டையைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் விளிம்பு அடுத்தடுத்த மூன்று ஃப்ரெட்டுகளை மட்டும் தொடும்படி வையுங்கள். தலைப்பக்கத்தில் நீண்ட விளிம்பும், ஐந்தாம் ஃப்ரெட்டைத் தாண்டினால் குட்டை விளிம்பும் பொருந்தும். அட்டை ஏற்றப்பலகைபோல் இருபுறமும் ஆடினால், நடுவில் உள்ளது உயர்ந்திருக்கிறது. அந்த ஃப்ரெட்டின் முனையை விரலால் அழுத்துங்கள். அது உள்ளே போய் மீண்டும் எழுந்தால் தேய்மானம் இல்லை, மரத்தில் பதிந்த பள்ளத்திலிருந்து கிளம்பியிருக்கிறது என்று பொருள். கழுத்துக்கு அடியில் மணல் பை வைத்து, பிளாஸ்டிக் தலைச் சுத்தியலால் தட்டி இறக்கி, ஊசி நுனியளவு நீர்த்த சூப்பர் க்ளூவை இடுக்கில் விட்டு, இறுகும்வரை கட்டையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். வீணையில் இந்தத் தொல்லை வேறு மாதிரி: அதன் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்திருப்பதால் மேளம் கட்டுபவர், அதாவது மெட்டு அமைப்பவர், மெழுகை இளக்கி மீண்டும் அமைத்துவிடுவார். கிதாரில் அந்த வசதி கிடையாது.

அசையாமல் உயர்ந்து நிற்கும் ஃப்ரெட்டை மட்டுமே அராவலாம். அதன் மேல் மார்க்கர் பேனாவால் கறுப்புப் பூசி, நுண்ணிய தட்டை அரத்தால் இரண்டு மூன்று இழுப்புக்கு ஒருமுறை அட்டையை வைத்துப் பார்த்து, ஆட்டம் நின்றவுடன் நிறுத்துங்கள். இப்போது உச்சி தட்டையாகியிருக்கும். அப்படியே விட்டால் சுருதி துல்லியமாக நிற்காது. மீண்டும் கறுப்புப் பூசி, இரு தோள்களையும் குழிவான கிரவுனிங் அரத்தால் உருட்டி, நடுவில் நூலளவு கறுப்புக்கோடு எஞ்சும்வரை வடிவமைக்க வேண்டும். அந்தக் கோட்டையும் 1000, 1500, 2000 என வாட்டர் பேப்பரை மாற்றி மாற்றித் தேய்த்து எடுத்தபின் புதிய கம்பி பூட்டலாம்.