எம்பிஐ-யில் 16 பிட் ஃப்ளோட்: அனுப்புவது எளிது, கூட்டுவதில்தான் வேலை

நெட்வொர்க்கில் போகும் பைட்டுகள் பாதியாகுமே என்று ஹாஃப் பிரிசிஷனுக்கு (16 பிட் ஃப்ளோட்) மாறிவிட்டு, எம்பிஐ-யில் (பல பிராசஸ்கள் ஒன்றுக்கொன்று தரவு அனுப்பிக்கொள்வதற்கான தரநிலை) அதற்கான டேட்டாடைப்பைத் தேடினால் கிடைக்காது. 2023-இல் வந்த 4.1 தரநிலையில்கூட சி மொழிக்கு அப்படி ஒன்று இல்லை. ஃபோர்ட்ரானுக்கு எம்பிஐ_ரியல்2 உண்டு, ஆனால் லைப்ரரி அதைத் தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஓப்பன் எம்பிஐ, எம்பிச் ஆகிய இரண்டு எம்பிஐ லைப்ரரிகளிலும் எம்பிஐஎக்ஸ்_சி_ஃப்ளோட்16 என்ற நீட்சி இருக்கிறது, ஆனால் உங்கள் கிளஸ்டரில் லைப்ரரியை எப்படி பில்டு செய்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அது வேலை செய்யும். பல இடங்களில் ஓட வேண்டிய கோட் என்றால் அதை நம்பாமல் நாமே செய்துகொள்வது நல்லது.

வெறுமனே அனுப்ப எம்பிஐ_யுஇன்ட்16_டி போதும், பிட்டுகள் அப்படியே போய்ச் சேரும். ஆனால் அதே டைப்பை வைத்து ஆல்ரெட்யூஸில் (எல்லா பிராசஸ்களின் மதிப்புகளையும் சேர்த்து, விடையை எல்லோருக்கும் தரும் அழைப்பு) எம்பிஐ_சம் (கூட்டல்) கொடுத்தால் லைப்ரரி பிட்டுகளை முழு எண்ணாக நினைத்துக் கூட்டிவிடும். ஹாஃபில் 1.0-இன் பிட் வடிவம் முழு எண்ணாகப் பார்த்தால் 15360. இரண்டைக் கூட்டினால் 30720. அதைத் திரும்ப ஹாஃபாகப் படித்தால் 32768.0. ஒன்றும் ஒன்றும் முப்பத்திரண்டாயிரம், அதுவும் எந்த எச்சரிக்கையும் இல்லாமல்!

அதனால் எம்பிஐ_டைப்_கன்டிகுவஸ் மூலம் ஒரே ஒரு யுஇன்ட்16-ஐ வைத்துத் தனி டைப் உருவாக்கி, கமிட் செய்துவிடுங்கள் (அதைப் பயன்படுத்தத் தயாராக்கும் அழைப்பு). வேண்டாத வேலை மாதிரி தெரியும், ஆனால் இப்படி உருவாக்கிய டைப்போடு எம்பிஐ_சம் சேர்த்து அழைப்பது விதிப்படியே தவறு என்பதால், யாராவது மறந்துபோய் எழுதினாலும் தப்பான விடைக்குப் பதில் பெரும்பாலும் பிழைச் செய்திதான் வரும்.

அப்புறம் கூட்டலுக்கான ஃபங்ஷனை எழுதி எம்பிஐ_ஆப்_கிரியேட்டில் பதிவு செய்யுங்கள். உள்ளே ஒவ்வொரு ஜோடியையும் 32 பிட் ஃப்ளோட்டாக மாற்றி, கூட்டி, திரும்ப ஹாஃபாக்கி இரண்டாவது பஃபரில் எழுத வேண்டும். எத்தனை மதிப்புகள் என்ற நீளம் நேரடி எண்ணாக இல்லாமல் பாயின்டராக வரும், கவனம்.

சரி, இத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. ஹாஃபின் துல்லியம் 11 பிட் மட்டும், ஆகவே 2048-உடன் 1 கூட்டினால் 2048-தான் வரும். 65504-தான் உச்ச மதிப்பு, கூட்டுத்தொகை 65520-ஐ எட்டினால் இன்ஃபினிட்டி. மேலே பதிவு செய்த கூட்டல் ஃபங்ஷன் (ஆப்) ஒவ்வொரு படியிலும் ரவுண்ட் செய்கிறது, எந்த வரிசையில் கூட்டுவது என்பதை லைப்ரரி முடிவு செய்கிறது, எனவே பிராசஸ் எண்ணிக்கையை மாற்றினால் விடையும் கொஞ்சம் மாறலாம். பிராசஸ் எண்ணிக்கையால் முதலிலேயே வகுத்துவிட்டால் ஓவர்ஃப்ளோ தவிரும், ஆனால் மிகச் சிறிய மதிப்புகள் பூஜ்யமாகிவிடும் ஆபத்து உண்டு (2-இன் அடுக்கு −24-தான் கடைசி எல்லை).

பெரிய அரே என்றால் நான் ஆப் பக்கமே போகமாட்டேன். ஆல்டுஆலில் (ஒவ்வொரு பிராசஸும் மற்ற எல்லோருக்கும் ஒவ்வொரு துண்டு அனுப்பும் அழைப்பு) ஹாஃபாக அனுப்பி, ஒவ்வொரு பிராசஸும் தன் பங்குக்கு வந்த துண்டுகளை 32 பிட்டில் கூட்டி, கடைசியில் ஒரே ஒரு முறை ஹாஃபாக்கி, ஆல்கேதரில் (எல்லோருடைய துண்டுகளையும் சேர்த்து எல்லோருக்கும் தருவது) திரும்ப எல்லோருக்கும் கொடுத்துவிடலாம். நெட்வொர்க்கில் போகும் அளவு ரிங் ஆல்ரெட்யூஸ் (பிராசஸ்களை வளையமாக இணைத்துச் செய்யும் ஆல்ரெட்யூஸ்) அளவுதான், ரவுண்டிங்கோ ஒரே தடவை.

தரவு என்விடியா ஜிபியு-விலேயே இருக்கிறதென்றால் இவ்வளவு பாடு வேண்டாம்; என்சிசிஎல்-இல் (ஜிபியு-களுக்கிடையே தரவு பரிமாறும் என்விடியாவின் லைப்ரரி) ஃப்ளோட்16, பிஃப்ளோட்16 (இன்னொரு 16 பிட் ஃப்ளோட் வடிவம்) இரண்டுமே நேரடியாக இருக்கின்றன.