பெட்டியின் முன்பக்கத்தை மட்டும் பார்த்து சூப்பர் ஹீரோ பொம்மை வாங்காதீர்கள்

சித்தூர், நகரி, புத்தூர், இந்தப் பக்கம் காட்பாடி, வேலூர் என்று எல்லைக்கு இரண்டு புறமும் ஆக்ஷன் ஃபிகர், அதாவது கை கால் மூட்டு அசைகிற சூப்பர் ஹீரோ பொம்மை, சேர்க்கிற தமிழ்ப் பசங்களோடு பேசினால் ஒரே புலம்பல்தான். பாதி செட்டோடு நிறுத்திவிட்டான், அளவை மாற்றிவிட்டான், விலையை ஏற்றிவிட்டான், இங்கே மட்டும் வருவதே இல்லை. இந்த 'அவன்' யார் என்று கேட்டால் ஒருவர் கடைக்காரரைக் காட்டுவார், இன்னொருவர் கம்பெனியைக் காட்டுவார். நிறைய விஷயங்களுக்குக் காரணம் லைசென்ஸ் ஒப்பந்தமும் (ஒரு பாத்திரத்தைப் பொம்மையாக்க உரிமைக்காரர் தரும் அனுமதி) இறக்குமதி விதியும். இரண்டுமே பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஓரளவு எழுதியிருக்கும், அதைத்தான் யாரும் படிப்பதில்லை.

முதல் தவறு, வரிசையின் பெயரை நம்புவது. பேட்மேன், சூப்பர்மேன் கதைகளின் சொந்தக்காரரான டிசியின் பொம்மை வரிசை, டிசி மல்டிவெர்ஸ் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரில் முதலில் பொம்மை விட்டது மேட்டல் கம்பெனி, கடைசியில் அவர்கள் விட்டவை ஆறு அங்குல அளவு. 2020-ல் டிசி உரிமம் மெக்ஃபார்லேன் டாய்ஸுக்குப் போனது, அவர்களும் அதே பெயரை வைத்துக்கொண்டார்கள், ஆனால் அளவு ஏழு அங்குலம். நான்கு அங்குலச் சின்னப் பொம்மைகள் தனியாக ஸ்பின் மாஸ்டருக்குப் போயின. பெயரைப் பார்த்து வாங்கிய பையன் வீட்டு ஷெல்ஃபில் பழைய சூப்பர்மேன் புது பேட்மேனின் தோளுக்கு வந்து நிற்கிறார். இப்போது 2026-லிருந்து டிசி திரும்பவும் மேட்டலுக்கே என்று 2024-லேயே அறிவித்தாகிவிட்டது. இது தெரிந்த பிறகும், மெக்ஃபார்லேன் வரிசையில் எல்லா ராபின்களும் (பேட்மேனின் துணையாள், அந்தப் பெயரில் பலர் உண்டு) வந்து முடியும் என்று நம்பி முதல் ராபினை வாங்குவது வீண் ஆசை. உரிமம் கைமாறும்போது பழைய கம்பெனியின் அச்சு பழைய கம்பெனியிடமே நின்றுவிடும். புதுக் கம்பெனி விட்ட இடத்திலிருந்து தொடராது, மறுபடி பேட்மேனிலிருந்துதான் ஆரம்பிக்கும். ஏனென்றால் விற்பது அவர்தான்.

கொலு வைக்கிற வீட்டில் தசாவதார செட்டில் கூர்மம் உடைந்தால் அடுத்த நவராத்திரிக்கு வேறு கடையில் ஒரு கூர்மம் வாங்கி நடுவில் வைத்துவிடலாம், பெருமாளுக்கு யாரும் லைசென்ஸ் வாங்கவில்லை. இங்கே அது நடக்காது.

சரி, ஒரே கம்பெனியிடம் ரொம்ப வருஷமாக இருக்கும் மார்வெலில் (ஸ்பைடர்மேன், எக்ஸ்-மென் காமிக்ஸ் கம்பெனி) மட்டும் ஏன் ஓட்டை? மார்வெல் லெஜண்ட்ஸ் என்ற பொம்மை வரிசையை 2002-ல் டாய் பிஸ் கம்பெனி ஆரம்பித்தது, 2007-லிருந்து ஹாஸ்ப்ரோ. கம்பெனி மாறாவிட்டாலும், படத்தின் உரிமை, காமிக்ஸ் பாத்திரத்தின் உரிமை, நடிகரின் முகச்சாயல் உரிமை எல்லாம் வேறு வேறு கைகளில் இருக்கலாம். ஃபென்டாஸ்டிக் ஃபோர், எக்ஸ்-மென் படங்கள் ஃபாக்ஸ் சினிமா கம்பெனியிடம் இருந்த காலத்தில் ஃபென்டாஸ்டிக் ஃபோர் நால்வருக்குப் பொம்மைப் பஞ்சம். 2017 வாக்கில் வரத் தொடங்கியபோதும் அமெரிக்காவில் வால்கிரீன்ஸ் என்ற ஒரே மருந்துக்கடைச் செயினில்தான் விற்றார்கள். 2019 மார்ச்சில் டிஸ்னி ஃபாக்ஸை வாங்கியது, அதற்கு அடுத்த வருஷம் அந்த எக்ஸ்-மென் படங்களின் உல்வரின் மார்வெல் லெஜண்ட்ஸ் பெட்டியில் வந்தார். "என் ஃபேவரிட்டை மட்டும் ஒதுக்குறாங்க" என்று கோபப்பட்டு, ஆன்லைனில் மூன்று மடங்கு விலைக்குப் பழைய பொம்மையைத் தூக்குவதற்கு முன், அந்தப் பாத்திரத்தின் உரிமை இப்போது யாரிடம் இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். தடை நீங்கிவிட்டது என்றால் புது அச்சில் வர வாய்ப்பு அதிகம். காத்திருக்கலாம்.

இந்த உரிமைப் பங்கீட்டைக் கையில் எடுத்தே பார்க்க வேண்டுமா? பெரிய தலை, சின்ன உடம்பு என்று வரும் ஃபங்கோ பாப் பொம்மை இரண்டு எடுங்கள், ஒன்று மார்வெல், ஒன்று டிசி. தலையில் விரலால் தட்டுங்கள். ஸ்பைடர்மேன் தலை உள்ளே ஸ்பிரிங் வைத்து ஆடும், பேட்மேன் தலை அப்படி ஆடாது. மார்வெலின் ஆக்ஷன் ஃபிகர் உரிமை ஹாஸ்ப்ரோவிடம் இருப்பதால் ஃபங்கோ அதைத் தலையாட்டி பொம்மை என்ற வகையில்தான் செய்கிறது. இது தெரியாமல் "தலை லூஸா இருக்கு, டூப்ளிகேட்" என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. பாவம் விற்றவர்.

அடுத்தது பில்ட்-எ-ஃபிகர் மயக்கம். 2005-ல் டாய் பிஸ் கேலக்டஸ் என்ற மார்வெல் ராட்சதனை வைத்து ஆரம்பித்த தந்திரம் இது, ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கை, ஒரு கால், ஒரு தலை, எல்லாம் வாங்கினால் ஒரு பெரிய பொம்மை. சேர்ப்பவர்களுக்கு இது பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் கடைக்கு வரும் கார்ட்டனில் எல்லாம் சம எண்ணிக்கையில் வராது, ஒரு பாத்திரம் இரண்டு இருக்கும், யாருக்கும் தெரியாத காமிக்ஸ் வில்லன் ஒன்றே ஒன்று இருப்பான், அவன் பெட்டியில்தான் உங்களுக்கு வேண்டிய கை இருக்கும். நகரியில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவரிடம் 2018-ல் வந்த மார்வெல் வில்லன் தானோஸ் இடது கை இல்லாமல் நிற்கிறது. "இன்னும் ஒரு பெட்டிதாண்ணா" என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், படத்தில் ஒரே சொடக்கில் பாதி உயிர்களை அழித்த தானோஸுக்கோ இங்கே சொடக்குப் போட வழியில்லை. எல்லாப் பெட்டியும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கிடைக்கும் என்று தெரிந்தால் மட்டும் முதல் பெட்டியைத் தொடுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் உள்ளே அந்தப் பாகம் இருக்கிறதா என்று கேட்டு, தனியாக அதன் போட்டோவை வாங்கிய பிறகு பணம் அனுப்புங்கள். கேட்காவிட்டால் எடுத்து வைத்துக்கொண்டு மீதியை அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஜன்னல் இல்லாத பெட்டியிலும் இதே எச்சரிக்கைதான். ஹாஸ்ப்ரோ பிளாஸ்டிக்கைக் குறைக்கிறோம் என்று பெட்டி முகப்பை மூடியது, பிறகு சேர்ப்பவர்கள் சத்தம் போட்டதில் 2023-ல் ஜன்னலைத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்தது. நடுவில் வந்த மூடிய பெட்டிகள் இன்னும் சந்தையில் சுற்றுகின்றன. உள்ளே இருப்பது அந்தப் பொம்மைதானா, கண் பெயின்ட் நேராக இருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது.

விலை விஷயத்துக்கு வருவோம். திருப்பதி கடையிலும் வேலூர் கடையிலும் அண்ணாச்சியோடு சண்டை போட்டுப் பயனில்லை. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70. இது போதாதென்று 2021 ஜனவரி 1 முதல் பதினாலு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு பிஐஎஸ் சான்று, அதாவது ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். "நாம பெரியவங்க சேர்க்கிறது, இதுல வராது" என்று நினைப்பவர்கள் பெட்டியின் வயதுக் குறிப்பைப் பார்க்க வேண்டும், மார்வெல் லெஜண்ட்ஸில் 4+ என்றுதான் போட்டிருக்கும். சான்று வாங்கும் செலவு சின்ன எண்ணிக்கையில் விற்கும் வரிசைக்குக் கட்டுப்படியாகாது, அதனால் பல வரிசைகள் இங்கே தலைகாட்டுவதே இல்லை. வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைக்கிறவர்கள் பொம்மை விலையையும் தபால் செலவையும் மட்டும் கூட்டிக் கணக்குப் போடுகிறார்கள். கூரியர் பையன் வாசலில் நின்று டூட்டி, அதற்கு மேல் ப்ராசஸிங் சார்ஜ் என்று ரசீது நீட்டும்போது முகம் மாறும். வாங்காமல் திருப்பினால் பொம்மையும் போச்சு, பணம் திரும்புவதும் சந்தேகம்.

கடையில் வாங்கும்போது எம்ஆர்பி ஸ்டிக்கரில் இறக்குமதியாளர் பெயர், முகவரி இருக்க வேண்டும். அது இல்லாமல் பாதி விலைக்குக் கிடைத்தால் பெரும்பாலும் நகல். தெரிந்தே நகல் வாங்கி விளையாடக் கொடுப்பது உங்கள் இஷ்டம், ஒரிஜினல் விலைக்கு வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

கிரவுட் ஃபண்டிங், அதாவது போதுமான பேர் முன்பதிவு செய்தால்தான் பொம்மை செய்வது, அது பற்றி ஒரு வரி. ஹாஸ்ப்ரோ இப்படி நடத்தும் ஹாஸ்லேபில் கேலக்டஸ் ஜெயித்தது, 2022-ல் கோஸ்ட் ரைடரின் கார் இலக்கை எட்டாமல் விழுந்தது. அறிவிப்பு வந்தவுடன் ஷெல்ஃபில் இடம் ஒதுக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகும் தவறு உண்டு. சித்தூர், வேலூர் வெயில் சித்திரையில் நாற்பதைத் தாண்டும், அப்போது பரணிலோ நிறுத்திய காரிலோ பெட்டியை வைத்தால் மெல்லிய கணுக்கால் வளைந்து பொம்மை முன்னால் சாயும், மென்மையான பிளாஸ்டிக்கில் எண்ணெய்ப் பசை கசியும். ஜன்னல் வெயில் பட்டால் வெள்ளை பாகம் மஞ்சளாகும். மூட்டு இறுகியிருந்தால் முறுக்காதீர்கள், சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு மெதுவாக அசைத்தால் வந்துவிடும்.

அப்புறம், வெளிநாட்டு வரிசைக்கு ஏங்குகிறவர்கள் பலர் வீட்டுப் பரணில் இருக்கும் ஃபன்ஸ்கூல் ஜி.ஐ. ஜோ ராணுவ வீரர் பொம்மையைப் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிடுகிறார்கள். நம் ராணிப்பேட்டையிலும் தொழிற்சாலை வைத்திருக்கும் அதே ஃபன்ஸ்கூல்தான், எம்ஆர்எஃப் குழுமம். அந்தக் காலத்தில் ஹாஸ்ப்ரோவின் லைசென்ஸில், ஹாஸ்ப்ரோ அச்சில், அமெரிக்காவில் வராத வண்ணங்களில் விட்டதால் வெளிநாட்டில் அதைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். துப்பாக்கி, ஹெல்மெட், பின்னால் இருக்கும் அட்டை இதெல்லாம் சேர்ந்திருந்தால் விலை வேறு. தனித்தனியாகப் பிரித்து விற்காதீர்கள்.