படுக்கவும் சுமக்கவும் ஒரே டிரெய்லர்: முதன்முறை வரைபவர்களுக்கு

கேம்பிங் டிரெய்லர் வரைய உட்கார்ந்தால் கை முதலில் கட்டிலைத்தான் போடும். நானும் கட்டில், தலைமாட்டில் அலமாரி, பின்பக்கம் அடுப்பு மேடை என்று வரைந்தேன். எல்லாம் முடிந்து ஒரு பீரோவை எங்கே ஏற்றலாம் என்று பார்த்தால் இடமே இல்லை. மூன்று தாள் வீணான பிறகுதான் விஷயம் பிடிபட்டது. முதலில் வரைய வேண்டியது சரக்கு டிரெய்லர். கட்டிலும் அடுப்பும் தண்ணீரும் அதில் ஏற்றி இறக்கும் சரக்கு, அவ்வளவுதான்.

படி 1: காரின் கையேடு

இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கார் இழுக்கக்கூடிய மொத்த எடை ஒன்று. டிரெய்லரை மாட்டும் கொக்கியின் மேல் இறங்கக்கூடிய அதிகபட்ச எடை இன்னொன்று. ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஆஸ்திரேலியாவிலும் தனி பிரேக் இல்லாத டிரெய்லருக்கு 750 கிலோதான் எல்லை. உங்கள் ஊர்ச் சட்டத்தையும் வரையும் முன்பே பாருங்கள். 750 கிலோவுக்குள் நிற்க வேண்டுமென்றால், வெறும் டிரெய்லரை 300 கிலோவில் முடிக்கப் பாருங்கள். மீதி 450 சுமைக்கு.

படி 2: தரையின் அளவு

ஒரு முழு பிளைவுட் தாள், அதாவது 2440 × 1220 மி.மீ. வெட்டே வேண்டாம், நீட்டிப் படுக்கவும் தாராளம். ஆனால் சுவரைத் தாளின் விளிம்பை ஒட்டியே நிறுத்திவிடாதீர்கள். கடையில் வரும் பலகைகளும் இதே அளவுதான். உள்ளே தள்ளும்போது உரசி மாட்டிக்கொள்ளும். இருபுறமும் 10 மி.மீ. விட்டு, அந்த இடைவெளியை மரச்சட்டம் வைத்து அடைத்துவிடுங்கள். சக்கரங்கள் பெட்டிக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே சக்கர மேடு துருத்தினால் படுக்கைக்கும் இடைஞ்சல், சரக்குக்கும் இடைஞ்சல்.

1220 அகலம் இரண்டு பேருக்கு நெருக்கம்தான். வீட்டுத் தரையில் டேப் ஒட்டி, அதற்குள் ஒரு ராத்திரி படுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

படி 3: அச்சு (இரு சக்கரங்களையும் இணைக்கும் தண்டு) எங்கே?

இங்கேதான் பொறுமை வேண்டும். பின்பக்கம் கனத்தால் கொக்கி மேலே தூக்கும். வேகம் கூடினால் டிரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கும். ஆட்டம் முற்றினால் காரையே புரட்டிவிடும். மொத்த எடையில் சுமார் 10 சதவீதம் கொக்கியில் இறங்கும்படி பாருங்கள். கையேடு சொல்லும் உச்ச எடையை மட்டும் தாண்டக்கூடாது.

தொடக்கத்துக்கு, தரையின் முன்விளிம்பிலிருந்து 60 சதவீதத்தில், அதாவது 1.46 மீட்டரில், அச்சை வரையுங்கள். கொக்கியிலிருந்து அச்சுவரை 2.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இனி ஒவ்வொரு பொருளின் எடையையும், அது அச்சுக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அந்தத் தூரத்தால் பெருக்குங்கள். பின்னால் இருந்தால் கழிக்க வேண்டும்.

வெறும் டிரெய்லர்: 300 × 0.15 = 45
கட்டில் பலகை, மெத்தை: 40 × 0.25 = 10
முன்பக்கப் பைகள்: 70 × 1.2 = 84
தண்ணீர் 60 லிட்டர்: 60 × 0.3 = 18
பின்பக்கச் சமையல் பெட்டிகள்: 40 × 0.8 = கழித்தல் 32

கூட்டினால் 125. அதை 2.5-ஆல் வகுத்தால் கொக்கியில் 50 கிலோ. மொத்த எடை 510. கிட்டத்தட்ட 10 சதவீதம், சரியாக வருகிறது. இப்போது அந்தத் தண்ணீர் டேங்கை மட்டும் பின்கதவருகே, அச்சுக்கு 0.9 மீட்டர் பின்னால் வையுங்கள். கொக்கியில் 21 கிலோதான் மிஞ்சும், வெறும் 4 சதவீதம். ஒரே டேங்க், இடம்தான் மாறியது. அதனால் தண்ணீரை அச்சுக்குப் பக்கத்தில், சற்று முன்னால் வைப்பதே நல்லது. தீரத் தீரவும் சமநிலை பெரிதாக மாறாது.

சரக்கு ஏற்றும் நாளுக்கும் இதே கணக்கை ஒருமுறை போடுங்கள். ஸ்பிரிங் தாங்கிகளை வெல்டிங் செய்துவிடாமல், சேசிஸில் நாலைந்து துளையிட்டு போல்ட் போட்டால் பிறகு அச்சை நகர்த்தலாம்.

படி 4: கழற்றும் கட்டில்

தரையிலிருந்து 400 மி.மீ. உயரத்தில் இரு பக்கச் சுவரிலும் இரும்பு ஆங்கிள். அதன் மேல் 12 மி.மீ. பிளைவுட்டில் மூன்று பலகைகள், ஒவ்வொன்றும் சுமார் 800 மி.மீ. வெறும் பலகை நடுவில் தொய்யும். அடியில் குறுக்கே 50 × 25 ரீப்பர் மூன்றை நிமிர்த்தி வைத்து, பசை போட்டுத் திருகுங்கள். அடியில் பைகளும் சமையல் பெட்டிகளும் போகும். பாரம் ஏற்றும் நாளில் மூன்றையும் முன்சுவரில் சாய்த்துக் கட்டிவிடலாம்.

சமையல் சாமான் 40 கிலோவையும் ஒரே பெட்டியில் அடைக்காதீர்கள். கைப்பிடி வைத்து 20 கிலோவாக இரண்டு. ஓர் ஆள் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் இறக்க முடியாவிட்டால் வரைபடத்தைத் திருத்துங்கள். அடுப்பு எப்போதும் வெளியேதான் எரிய வேண்டும். மூடிய பெட்டிக்குள் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும். எதிரெதிரே இரண்டு காற்றுத் துளைகளும் கட்டாயம்.

படி 5: வளையமும் காலும்

கயிறு கட்டும் வளையங்களை பிளைவுட்டில் மட்டும் திருகினால் பிய்த்துக்கொண்டு வரும். கீழே இரும்புச் சட்டத்தோடு போல்ட் போடுங்கள். பின்மூலைகளில் இறக்கி வைக்கும் கால்கள் இரண்டு வேண்டும். காரிலிருந்து கழற்றிய டிரெய்லரில் பின்கதவு வழியாக ஏறினால் முன்பக்கம் அப்படியே தூக்கிவிடும்.

படி 6: தராசில் வைத்துப் பார்ப்பது

கட்டி முடித்ததும் பயணத்துக்குப் போவதுபோலவே எல்லாவற்றையும் ஏற்றுங்கள். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, வீட்டில் ஆள் எடை பார்க்கும் தராசின் மேல் கட்டை வைத்து, கார் கொக்கியின் உயரத்திலேயே டிரெய்லரின் மூக்கை இறக்கிப் படியுங்கள். பிறகு கட்டிலையும் பெட்டிகளையும் எடுத்துவிட்டு, சரக்கு ஏற்றி இன்னொரு முறை. இரண்டு எண்களையும் பின்கதவின் உள்பக்கம் பெயின்டில் எழுதி வையுங்கள்.