டெலிவரிக்குக் கார் எடுக்கும் பிள்ளைகள் இன்சூரன்ஸில் சறுக்கும் இடங்கள்

லைசென்ஸ் கைக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருக்கும். வீட்டில் ஒரு கார் சும்மா நிற்கிறது. ஆப்பில் பதிந்துகொண்டால் மாலை வேளைகளில் கொஞ்சம் காசு பார்க்கலாம். இன்சூரன்ஸ்தான் கட்டியிருக்கிறதே, அப்புறம் என்ன? பதினெட்டு, பத்தொன்பது வயதில் டெலிவரிக்கு இறங்கும் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். இன்சூரன்ஸ் இருக்கிறது, சரி. அது எந்தப் பயன்பாட்டுக்கு எடுத்தது என்பதைப் பார்ப்பவர்கள் குறைவு.

பாலிசியில் பெயர், வண்டி எண், தொகை எல்லாம் தாண்டிப் பொடி எழுத்தில் ஒரு பத்தி இருக்கும். வண்டியை எதற்கெல்லாம் ஓட்டலாம், எதற்கு ஓட்டக்கூடாது என்று அதில்தான் எழுதியிருக்கும். இந்தியாவில் தனியார் கார் பாலிசியை எடுத்துப் பார்த்தால், வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டுவது, சரக்கு ஏற்றுவது, பந்தயம் ஓட்டுவது எல்லாம் ஒரே பட்டியலில் விலக்கப்பட்டிருப்பது தெரியும். பிரிட்டனில் கூலிக்கு டெலிவரி செய்ய 'ஹயர் அண்ட் ரிவார்ட்' என்ற தனிக் காப்பீடு வேண்டும். "வேலைக்குப் போய்வரும் பயணத்தையும் சேர்த்திருக்கிறேனே" என்பார்கள் சிலர். அது வேலையிடத்துக்குப் போய்வருவதற்கு மட்டும்தான். ஓட்டுவதே வேலை என்றால் கணக்கு வேறு. அமெரிக்காவிலும் பல தனிநபர் பாலிசிகள் டெலிவரியை வெளிப்படையாகவே விலக்கிவிடுகின்றன. ஒரு சின்னப் பார்சல்தானே என்ற சமாதானம் எடுபடாது. கொண்டுபோனதற்குக் காசு வாங்கினீர்களா என்றுதான் கேட்பார்கள்.

அடுத்த நம்பிக்கை, "ஆப் கம்பெனியே இன்சூரன்ஸ் தருகிறது" என்பது. எல்லா இடத்திலும் தருவதில்லை. தந்தாலும் அது எந்த நிமிடத்தில் தொடங்கி எந்த நிமிடத்தில் முடிகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு மாலை வேலையை மூன்று துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். ஆப்பை ஆன் செய்துவிட்டு ஆர்டருக்காகச் சுற்றும் நேரம் முதல் துண்டு. ஆர்டரை ஏற்றுக்கொண்டு கடைக்குப் போவது இரண்டாவது. பார்சலோடு வாடிக்கையாளர் வீட்டுக்குப் போவது மூன்றாவது. கம்பெனி தரும் காப்பீடு கடைசித் துண்டுக்கோ, கடைசி இரண்டுக்கோ மட்டும் இருக்கலாம். முதல் துண்டில் இடித்தால் கம்பெனி கையை விரிக்கும், "ஆப் ஆனில் இருந்ததே" என்று உங்கள் சொந்த இன்சூரன்ஸ் நிறுவனமும் கையை விரிக்கும். இன்னொன்று, கம்பெனி காப்பீடு பெரும்பாலும் எதிராளிக்கு ஏற்பட்ட சேதத்துக்குத்தான். நசுங்கிய உங்கள் பம்பரை யார் சரிசெய்வது என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

பெற்றோர் தெரிந்தே செய்யும் தவறு ஒன்றும் உண்டு. இளம் ஓட்டுநர் என்றாலே பிரீமியம் ஏறும். அதைக் குறைக்க, கார் அப்பா பெயரில், முக்கிய ஓட்டுநரும் அப்பா, பையன் எப்போதாவது ஓட்டுபவன் என்று எழுதிவிடுவார்கள். தினமும் மாலை ஐந்து மணி முதல் ஓட்டுவதோ பையன். பிரிட்டனில் இதற்கு 'ஃப்ரண்டிங்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், அது மோசடி. விபத்து நடந்து இது வெளியே வந்தால் கிளைம் கேட்காத வருடங்களுக்காக அப்பாவுக்குக் கிடைத்துவந்த நோ கிளைம் போனஸ் என்ற தள்ளுபடி மட்டுமல்ல, பாலிசியே போகலாம். அக்கா பெயரில் இருக்கும் ஆப் கணக்கில் தம்பி ஓட்டுவதும் இதே ரகம்தான். கம்பெனி காப்பீடு கணக்கில் பதிந்த ஆளுக்குத்தான்.

வயதையும் பாருங்கள். அமெரிக்கக் கூட்டாட்சித் தொழிலாளர் விதிப்படி, வேலைக்கு அமர்த்தப்பட்டவர் பதினேழு வயதுக்கு உட்பட்டவர் என்றால் வேலைக்காகப் பொதுச்சாலையில் ஓட்டவே கூடாது. பதினேழில் ஓட்டலாம், ஆனால் நேரக்கெடு வைத்த டெலிவரிக்கு அனுமதி இல்லை.

விபத்து நடந்த அந்தப் பத்து நிமிடத்தில் நடக்கும் தவறுதான் என்னைப் பொறுத்தவரை மோசமானது. பதற்றத்தில் பையன் "நண்பன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன்" என்று சொல்லிவிடுகிறான். பின்சீட்டில் கம்பெனிப் பெயர் போட்ட பை. டேஷ்போர்டில் மாட்டிய போன் இன்னும் அடுத்த திருப்பத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. எதிராளி எடுத்த போட்டோவில் இரண்டும் இருக்கின்றன. ஆப் பதிவில் ஆர்டர் ஏற்ற நேரம் நிமிடக் கணக்கில் இருக்கும், கிளைம் விசாரிப்பவர் கேட்டால் அது வெளியே வரும். உண்மையைச் சொல்லியிருந்தால் கிளைம் மறுக்கப்படுவதோடு போயிருக்கலாம். இப்போது பொய் சொன்ன குற்றமும் சேர்ந்துகொள்ளும்.

கிளைம் மறுத்தாலும் அடிபட்டவருக்கு ஏதோ ஒரு வழியில் பணம் போய்விடும் என்பது பல நாடுகளில் உண்மைதான். ஆனால் அது ஓட்டியவருக்குக் கிடைத்த மன்னிப்பு இல்லை. இந்தியத் தீர்ப்பாயங்கள் பல வழக்குகளில், முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு உத்தரவிடுகின்றன. பிரிட்டனில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. சரியான இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் லைசென்ஸில் குறைந்தது 6 தண்டனைப் புள்ளிகள் ஏறும். லைசென்ஸ் வாங்கிய முதல் 2 ஆண்டுகளுக்குள் 6 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸே ரத்து. இடிக்கக்கூட வேண்டாம், போலீஸ் நிறுத்திப் பார்த்தாலே போதும்.

ஓட்டும் விதத்தைப் பதிவு செய்யும் கருவியோடு வரும் மலிவான பாலிசி எடுத்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ராத்திரி நேரம், குறுகிய தூரம், ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிறுத்தம் என்று டெலிவரியின் கைரேகை அதில் அப்படியே பதிந்துவிடும். வருடத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொன்ன கணக்கும் சில மாதங்களில் தாண்டிவிடும்.

முதல் ஆர்டர் எடுப்பதற்கு முன்பே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். 'இந்தக் காரில், இந்த வயதில், காசுக்கு உணவு டெலிவரி செய்தால் பாலிசி செல்லுமா, ஆர்டருக்குக் காத்திருக்கும் நேரமும் அதில் சேருமா?' என்று கேட்டு, பதிலைச் சேமித்துக்கொள்ளுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம் தம்பி" என்று ஏஜென்ட் போனில் சொன்னது கிளைம் நேரத்தில் நிற்காது. சிலர் கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு சேர்ப்பார்கள், சிலர் இந்த வயதுக்கு முடியாது என்பார்கள். அந்தக் கூடுதலையும் எரிபொருளையும் கழித்துவிட்டு மாதம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். பக்கத்துத் தெருக்களுக்குச் சைக்கிளில் டெலிவரி செய்வதே லாபம் என்று வந்தாலும் வரலாம்.