பிழை எந்தக் கமிட்டில் நுழைந்தது? கிட் பைசெக்ட் கொண்டு கண்டுபிடிக்கும் முறை

சென்ற வெளியீட்டில் சரியாக வந்த பில் தொகை இப்போது தவறாக வருகிறது. இடையில் பலர் சேர்த்த ஆயிரம் கமிட்டுகள் (சேமித்து வைத்த நிரல் மாற்றங்கள்) இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இத்தகைய வேளையில் சந்தேகத்துக்குரிய ஃபைல்களைத் திறந்து வரிவரியாகப் படிப்பதே பெரும்பாலோரின் வழக்கம். பிழை நுழைந்த கமிட்டை முதலில் கண்டுபிடித்துவிட்டால், படிக்க வேண்டியது அந்த ஒரு கமிட்டின் மாற்றங்களை மட்டுமே. நிரலின் மாற்ற வரலாற்றைப் பாதுகாக்கும் மென்பொருளான கிட்டுடன் சேர்ந்தே வரும் பைசெக்ட் அதைச் செய்து தருகிறது. பைனரி சர்ச் முறையில் ஒவ்வொரு சோதனைக்கும் பாதிக் கமிட்டுகள் கழிந்துவிடுவதால், ஆயிரம் கமிட்டுகளுக்குச் சுமார் 10 சோதனைகள் போதும். கமிட்டுகள் இரண்டாயிரமானாலும் ஒரு சோதனைதான் கூடும்.

கீழுள்ள கட்டளைகள் ஒலிப்புப்படி எழுதப்பட்டுள்ளன. டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.

முதலில், முடிக்காத மாற்றங்கள் ஏதேனும் இருந்தால் அவற்றைக் கமிட் அல்லது ஸ்டாஷ் (தற்காலிகமாக எடுத்து வைத்தல்) செய்துவிட்டு, பின்வருமாறு தொடங்குங்கள்:

கிட் பைசெக்ட் ஸ்டார்ட்
கிட் பைசெக்ட் பேட்
கிட் பைசெக்ட் குட் வி1.4.0

இரண்டாம் வரி, இப்போதைய கமிட்டில் பிழை இருப்பதாகச் சொல்கிறது. மூன்றாம் வரி, பிழை இல்லாத பழைய வெளியீட்டின் டேகை, அதாவது அதற்கு இட்ட பெயரை, காட்டுகிறது. டேக் இல்லையென்றால் கமிட்டின் ஹேஷை (அதன் அடையாளக் குறியீட்டை) கொடுக்கலாம்.

உடனே கிட் நடுவிலுள்ள ஒரு கமிட்டைச் செக்அவுட் செய்து (ஃபைல்களை அந்த நிலைக்கு மாற்றி), இன்னும் ஏறத்தாழ எத்தனை படிகள் உள்ளன என்பதையும் காட்டும். நிரலை இயக்கிப் பார்த்து, பில் தொகை சரியாக வந்தால் "கிட் பைசெக்ட் குட்" என்றும், தவறாக வந்தால் "கிட் பைசெக்ட் பேட்" என்றும் பதில் கொடுங்கள்.

கவனம் முழுவதும் தேவைப்படும் இடம் இதுதான். ஒரே ஒரு பதில் தவறாகிப்போனாலும், பிழைக்குத் தொடர்பே இல்லாத ஒரு கமிட்டைக் கிட் குற்றவாளியாகக் காட்டிவிடும். ஒவ்வொரு கமிட்டிலும் லைப்ரரிகளின் பதிப்பு மாறியிருக்கக்கூடும் என்பதால், முந்தைய பில்டின் மிச்சங்களை அழித்து, டிபென்டென்சிகளை (நிரலுக்குத் தேவையான லைப்ரரிகளை) மீண்டும் நிறுவிய பிறகே சோதிக்க வேண்டும். வேறு காரணத்தால் நிரல் கம்பைலே ஆகவில்லையென்றால், அதைப் பேட் என்று சொல்லாமல் "கிட் பைசெக்ட் ஸ்கிப்" கொடுத்துக் கடந்து செல்லுங்கள். தவறான பதில் கொடுத்துவிட்டது பிறகு தெரிந்தால், "கிட் பைசெக்ட் லாக்" வெளியீட்டை ஒரு ஃபைலில் சேமித்து, தவறான வரியையும் அதற்குப் பிந்தியவற்றையும் நீக்கிவிட்டு, "கிட் பைசெக்ட் ரீப்ளே" கட்டளைக்கு அந்த ஃபைலைக் கொடுக்கலாம்.

சோதனையை ஒரு ஸ்கிரிப்டாக எழுத முடிந்தால், இந்தக் கைவேலையும் மிச்சம். நோட் ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் தளம்) ப்ராஜெக்டுக்கு இவ்வளவு போதும்:

என்பிஎம் சிஐ || எக்ஸிட் 125
நோட் ../பில்-டெஸ்ட்.ஜேஎஸ்

முதல் வரி டிபென்டென்சிகளை நிறுவும்; அது முடியாவிட்டால் 125 கொடுத்து வெளியேறும். ஸ்கிரிப்ட் முடியும்போது தரும் எண்ணான எக்ஸிட் கோட் 0 என்றால் குட். 125 என்றால் ஸ்கிப். 1 முதல் 127 வரையிலான மற்றவை பேட். அதற்கு மேற்பட்டவை தேடலையே நிறுத்திவிடும். ஸ்கிரிப்டையும் டெஸ்ட் ஃபைலையும் ரெப்பாசிட்டரிக்கு (கிட் கண்காணிக்கும் ஃபோல்டருக்கு) வெளியே வைப்பது நல்லது. உள்ளே கமிட் செய்து வைத்தால், பழைய கமிட்டுக்குச் செல்லும்போது அவை காணாமல் போய்விடும். ஸ்கிரிப்டை டெஸ்ட்.எஸ்எச் என்ற பெயரில் சேமித்து, இப்படி இயக்குங்கள்:

கிட் பைசெக்ட் ரன் எஸ்எச் ../டெஸ்ட்.எஸ்எச்

முடிவில், முதல் தவறான கமிட்டின் ஹேஷும் எழுதியவரின் பெயரும் செய்தியும் திரையில் வரும். "கிட் ஷோ" கட்டளையுடன் அந்த ஹேஷைக் கொடுத்தால் மாற்றங்களைப் பார்க்கலாம். அந்தக் கமிட் நாற்பது ஃபைல்களைத் தொட்டு, "சில திருத்தங்கள்" என்று மட்டும் செய்தி தாங்கியிருந்தால் பைசெக்டால் அதற்கு மேல் உதவ முடியாது. சிறு சிறு கமிட்டுகளாகப் பிரித்து எழுதும் குழுவுக்கே இக்கருவி முழுப் பயன் தரும்.

பிழையைத் திருத்தத் தொடங்குமுன் "கிட் பைசெக்ட் ரீசெட்" கொடுத்துப் பழைய பிராஞ்சுக்கு, அதாவது தொடங்குமுன் நீங்கள் இருந்த கிளைக்கு, திரும்புங்கள். ஸ்டாஷ் செய்திருந்தால் "கிட் ஸ்டாஷ் பாப்" கொடுத்து அதையும் மீட்டுக்கொள்ளுங்கள்.