சைட்செயின் பம்பிங்: கம்ப்ரஸருக்கு எதைக் கேட்கக் கொடுக்கிறீர்கள்?

சமூக மன்றங்களின் தீபாவளி நடன நிகழ்ச்சிகளுக்குப் பாடல் தயாரிக்கும் இளைஞர்கள் என்னிடம் காட்டும் கோப்புகளில், கிக் (தாளத்தின் கனத்த டிரம் அடி) விழும்போதெல்லாம் பேஸும் பேடும் (பின்னணியில் நீண்டொலிக்கும் இசை) தாழ்ந்து மீண்டும் எழும் ‘பம்பிங்’ அசைவு, ஆண்டுதோறும் அதே இடங்களில்தான் பழுதாகிறது. இந்த அசைவைத் தருவது, கேட்கும் ஒலி திரெஷோல்டு என்ற வரம்பைத் தாண்டும்போது ட்ராக்கின் ஒலியைத் தாழ்த்தும் கம்ப்ரஸர். வேறொரு ட்ராக்கின் ஒலியை அதற்குக் கேட்கக் கொடுக்கும் இணைப்பே சைட்செயின்; அப்படிக் கொடுக்கும் ஒலியே டிரிகர். கம்ப்ரஸரை எந்த ட்ராக்கில் போடுவது என்பதைக் காணொளிகளே கற்றுத்தருவதால், அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

தாளக் குழு முழுவதையும் டிரிகராகக் கொடுப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இது. சிங்கப்பூர் ஈசூனிலிருந்து வந்த ஒரு தம்பி, 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 பீட்) பாடலொன்றில் கிக், தவில், உறுமி மூன்றையும் ஒரே குழுவாக்கி, அக்குழுவையே பேடின் கம்ப்ரஸருக்குச் சைட்செயின் உள்ளீடாக இணைத்திருந்தார். தவிலின் ஒவ்வோர் அடிக்கும் பேட் நடுங்கியது. உறுமி இழுபடும் இடங்களிலோ அது தாழ்ந்தபடியே கிடந்தது. ரிலீஸையும் (தாழ்ந்த ஒலி மீள எடுக்கும் நேரம்) திரெஷோல்டையும் இரவெல்லாம் மாற்றிப் பார்த்தவர், இறுதியில் அந்தக் குறையோடே பேடை ஆடியோவாக மாற்றி, வாசித்த சுரங்களைத் திருத்தக்கூடிய வடிவில் வைத்திருந்த மூல மிடி ட்ராக்கை அழித்துவிட்டார். நிகழ்ச்சிக்குச் சில நாள்களே இருந்த நிலையில், பேட் முழுவதையும் மறுபடி வாசிக்க வேண்டியதாயிற்று.

உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பதால் எழும் முனகல், கிக்கைப் போலச் சட்டென்று அடங்குவதில்லை. கம்ப்ரஸருக்கு வாத்தியம் தெரியாது, அளவு மட்டுமே தெரியும். ஒலி திரெஷோல்டுக்குக் கீழே இறங்காதவரை பேட் முழுமையாக எழ வழியில்லை. ஆகவே இதை எந்தக் குமிழைத் திருப்பியும் சரிசெய்ய முடியாது. சைட்செயின் ஃபில்டரால் 120 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை வெட்டினால் தவிலின் கூரிய அடிகள் குறையும். முனகலின் ஒரு பகுதி அப்போதும் எஞ்சலாம்.

டிரிகருக்கென்றே தனி ட்ராக் ஒன்றை உருவாக்கி, அதில் ஒவ்வொரு பீட்டுக்கும் ஒரு குறுகிய கிக்கை வையுங்கள். பாடலில் கிக் நின்றுபோகும் இடத்திலும் அசைவு தொடரும் என்பது இதன் கூடுதல் பலன்.

அந்த ட்ராக்கை மியூட் செய்வது

டிரிகர் கிக் பாடலில் கேட்கக்கூடாதென்று மியூட் செய்தால், சில இசை மென்பொருள்களில் சைட்செயின் சமிக்ஞையும் நின்றுவிடும். ஏபிள்டன் லைவில் அதன் வெளியீட்டை ‘சென்ட்ஸ் ஒன்லி’ என்று மாற்றுங்கள். எஃப்எல் ஸ்டூடியோவில் மாஸ்டருக்குச் செல்லும் இணைப்பைத் துண்டியுங்கள்.

ரிலீஸை வேகத்தோடு பொருத்தாதது

60,000-ஐ பிபிஎம்மால் வகுத்தால் ஒரு பீட்டின் நீளம் மில்லிவினாடிகளில் கிடைக்கும். 120 பிபிஎம்மில் அது 500. அடுத்த கிக் விழுவதற்குச் சற்று முன்னதாகவே ஒலி முழுமையாக மீள வேண்டுமென்பதால், 200 முதல் 300 வரை ரிலீஸை வைத்துத் தொடங்கி, காதால் கேட்டு நகர்த்துங்கள். பீட்டைவிட மிக நீண்டால் அசைவே இராது, பேட் சிறுத்து ஒலிக்கும்.

பாடகரின் குரலுக்கும் பம்பிங்

வேண்டாம்.

இரவில் ஹெட்ஃபோனை மட்டும் நம்புவது

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் அண்டை வீட்டாரை எண்ணி ஒலியைக் குறைத்துக் கேட்பது இயல்பே. ஆனால் குறைந்த ஒலியில் நம் செவி தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைவாகவே உணர்வதால், பேஸின் அசைவு போதவில்லையென்று நினைத்து 15 டெசிபல் வரை அடக்கிவிடுகிறார்கள். மன்றத்து சப்வூஃபரில் அது பேஸே காணாமற்போவதாகக் கேட்கிறது. மீட்டரைப் பார்த்து 6 டெசிபலில் தொடங்குங்கள். அதற்கு மேல் கூட்டுவதைப் பகலில் ஸ்பீக்கரில் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.